சொல் போட்டி முள்ளெலியும் சாகாத அப்பாவும்

ஒரு காட்டில், நேரடி ஒளிபரப்புக்கு ஆறே நிமிடம் இருக்கும்போது, முள்ளெலி ஒன்று அழ மாட்டேன் என்று அடம்பிடித்து நின்றது.

அதன் பெயர் பேச்சிமுத்து. 'சொல்லுக்கு மல்லுக்கட்டு' நிகழ்ச்சியில் பதினோரு வாரம் ஜெயித்து, அன்றைக்கு இறுதிச்சுற்றுக்கு வந்திருந்தது. எதிரே இயக்குநர் ஓணான், கையில் கிளிசரின் பாட்டில்.

"தம்பி, கண்ணுக்கு ரெண்டே சொட்டு. அப்பாவை நினைச்சுக்கோ, தானா வரும்."

"எதுக்கு நினைக்கணும்? அந்தா மூணாவது வரிசையில இருக்காரே!"

"அது உனக்கும் எனக்கும் தெரியும். நேயர்களுக்கு அவர் போன வாரமே செத்துட்டார்."

பேச்சிமுத்து ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டது. அதற்குக் கணக்கு வரவில்லை. கணக்கு வாத்தியார் எருமைக்கும் வரவில்லை, ஆனால் எருமைக்குச் சம்பளம் வந்தது. வடை சுற்றி வரும் காகிதத்தைக்கூட விடாமல் படித்ததால், முள்ளெலிக்குச் சொற்கள் மட்டும் வண்டி வண்டியாகத் தெரியும். குளத்தங்கரையில் தண்ணீருக்கு டோக்கன் கொடுக்கும் வேலை காலியாக இருந்தது. போய்க் கேட்டால், டோக்கன் கிழிக்கப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வேண்டுமாம். இல்லையென்றால் 'சொல்லுக்கு மல்லுக்கட்டு' பட்டம் இருந்தாலும் போதுமாம். ஏன் என்று கேட்காதீர்கள். அந்தச் சேனலின் முதலாளி சிங்கத்தின் மச்சான்.

முதல் வாரம், நெறியாளர் மைனா துப்புச் சொல்லி முடிக்கும் முன்பே பேச்சிமுத்து பதிலைச் சொல்லி ஜெயித்தது. ஓணான் தலையில் அடித்துக்கொண்டது.

"பொட்டுனு சொன்னா விளம்பரத்தை எங்க போடுறது? யோசி."

"தெரிஞ்சதை எதுக்கு யோசிக்கணும்?"

"யோசிக்கிற மாதிரி இரு."

இருந்தது. நெற்றியில் கை வைத்தது, கூரையைப் பார்த்தது, உதட்டைக் கடித்தது. பற்பசை விளம்பரம் இரண்டு தடவை ஓடியது. பொய் எதற்கு, அதற்கும் பிடித்துத்தான் இருந்தது. கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். குட்டிகள் எல்லாம் நெற்றியில் கை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டன.

நான்காம் வாரம் அது பரம ஏழை ஆனது. ஏழாம் வாரம் அப்பாவுக்கு நெஞ்சுவலி. பதினோராம் வாரம் அப்பா போய்ச் சேர்ந்தார். எல்லாமே சோக வயலினோடு திரையில் வந்த பிறகுதான் வீட்டுக்கே தெரியும். 'என் வாழ்க்கைக் கதையைச் சேனல் எப்படியும் சொல்லலாம்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டது யார்? பேச்சிமுத்துதான். வடைக் காகிதத்தைக்கூட விடாமல் படித்தது, போட்டியில் சேரும்போது நீட்டிய அந்தப் படிவத்தைப் படிக்கவில்லை.

இறுதிச்சுற்றில் அதற்கு எதிரி தேவாங்கு. தேவாங்குக்குப் பாதிச் சொல் தெரியாது. ஆனால் கண் இருக்கிறதே கண், வயிறு முட்டத் தின்று ஏப்பம் விடும்போதுகூட அழுகிற மாதிரியே இருக்கும். இறுதிச்சுற்றில் நேயர் வாக்குத்தான் தீர்ப்பு.

மகன் அழ மாட்டேன் என்கிற விஷயம் கேள்விப்பட்டு அப்பாவே எழுந்து வந்தார்.

"ஏலே, அழுது தொலையேன். நான் என்ன நெசமாவா செத்தேன்?"

"யப்பா, உங்களுக்குக் கோவமே வரலியா?"

"எதுக்குக் கோவம்? போன வாரம் அஞ்சு மாலை வந்துச்சு. அதுல இருந்த பூச்சியெல்லாம் நல்ல ருசி. உனக்கு வேலை கெடைச்சா போதும்லே. நான் வேணா சுருண்டுக்கிடுதேன், ஒரு பயலுக்கும் தெரியாது."

சொன்னபடியே போய் இருக்கையில் முள்பந்தாகச் சுருண்டுகொண்டார். பேச்சிமுத்துவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. எதிரி வந்தால் முள்ளெலி சுருளும், சரி. மகன் ஜெயிக்க அப்பன் சுருள்வது எந்த ஊர் வழக்கம்?

விளக்குகள் எரிந்தன. பேச்சிமுத்து யோசிக்கிற மாதிரிகூட இருக்காமல் பத்துக்குப் பத்தும் சொன்னது. தேவாங்கு நான்கு சொன்னது. பிறகு மைனா குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு கேட்டது:

"அப்பா இப்ப எங்கிருந்து உங்களைப் பார்த்துக்கிட்டு இருப்பாரு?"

ஓணான் கேமராவுக்குப் பின்னால் நின்று மேலே, மேலே என்று விரலை ஆட்டியது.

"மூணாவது வரிசை, ஓரத்து சீட்டு," என்றது பேச்சிமுத்து. "யப்பா, நிமிருங்க."

அப்பா நிமிர்ந்தார். வாயில் முறுக்கு.

அரங்கம் கொதித்தது. சேனல் மேல் அல்ல, அப்பா மேல்.

"போன வாரம் முழுக்க நான் தேன் தொடலய்யா!" என்று கரடி கத்தியது.

"நாங்க விளக்கேத்திக் கும்பிட்டோம். இவரு பாட்டுக்குக் கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. வெக்கமா இல்ல?" என்றது மான்.

தேவாங்கு ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது. காடே கேவிக்கொண்டு அதற்கு வாக்குப் போட்டது. பட்டம் போனது, பட்டத்தோடு வேலையும் போனது. இன்றைக்குத் தேவாங்குதான் குளத்தங்கரையில் யானை டோக்கனை ஆமைக்குக் கிழித்துக் கொடுக்கிறது. முகம் பாவமாக இருப்பதால் யாரும் திட்டுவதில்லை.

பேச்சிமுத்து மேடையை விட்டு இறங்கும் முன் ஓணான் ஓடி வந்தது.

"தம்பி, அடுத்த சீசன் பட்டம் உனக்குத்தான், நான் பாத்துக்கிறேன். ஒண்ணே ஒண்ணு செய். கேமராவைப் பார்த்து, 'எங்க அப்பா உயிரோட இருக்கறதுக்கு நேயர்கள் மன்னிக்கணும்'னு சொல்லிடு. அவரும் பக்கத்துல நின்னு கும்பிடட்டும்."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அப்பா முறுக்கை விழுங்கிவிட்டு வந்து நின்று, கையைக்கூடக் கூப்பிவிட்டார்.

பேச்சிமுத்து அந்தக் கைகளைப் பிரித்துவிட்டது. மன்னிப்புக் கேட்கவில்லை.

நீதி: மகன் முன்னுக்கு வர வேண்டுமென்றால், தகப்பன் அறிவித்த தேதியில் செத்துக்கொடுக்க வேண்டும்.