அடுத்த பக்கத்துத் தகப்பன்

அடுத்த பக்கத்துக்காரர்கள் என்று ஒரு மனித இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். உணவகத்தில் மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டிருக்கும்போதும் இவர்கள் கையில் மெனு அட்டை விரிந்தே இருக்கும். குளியலறைக்கு ஒரு குழாய் வாங்கப் போனால் கடையிலுள்ள அத்தனை குழாயையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "புது மாடல் எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள். கையில் இருப்பது இவர்களுக்குப் பிடிக்காது என்று நினைக்காதீர்கள். பிடிக்கும், மிகவும் பிடிக்கும். ஆனால் அடுத்த பக்கத்தில் இதைவிட ஒரு துளி அதிகம் பிடிக்கிற ஒன்று இருந்துவிட்டால்? அந்த ‘விட்டால்’தான் இவர்களுடைய மதம்.

இந்த இனம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. ஆனால் முழு வளர்ச்சியடைந்த மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் டென்மார்க்கில் எங்கள் ஓர்ஹூஸ் நகரத்துக்குத்தான் வரவேண்டும். ஏனென்றால் இங்கே தகப்பனுக்கே பக்கங்கள் உண்டு.

மாரெனை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை தொடங்கும்போது வயது முப்பத்தொன்பது. வேலை, வீடுகளில் குறை கண்டுபிடிப்பது. கேலிக்குச் சொல்லவில்லை. ஒரு வீடு கைமாறுவதற்கு முன்னால் விளக்கும் ஈரம் அளக்கும் கருவியுமாகப் போய், கூரை முதல் நிலவறை வரை நுழைந்து, விரிசல், பூஞ்சை, உளுத்த மரம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அவள் கையெழுத்துப் போட்ட வீட்டில் பிறகு ஒரு சொட்டு ஒழுகினாலும் கேள்வி அவளிடம்தான் வரும். பதினான்கு வருடங்களில் ஒரு கேள்விகூட வந்ததில்லை.

எட்டு வருடம் அவளோடு வாழ்ந்த ஒருவன், "குழந்தையா? பார்க்கலாமே, பார்க்கலாமே" என்று சொல்லிக்கொண்டேயிருந்து, ஒரு பிப்ரவரி மாதம் சோபாவின் பாதியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான். மீதிப் பாதியில் உட்கார்ந்து ஒரு வாரம் யோசித்துவிட்டு மாரென் கருத்தரிப்பு மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். "விந்து வங்கியில ஒரு கொடையாளரைத் தேர்ந்தெடுத்துட்டு வாங்க. ரொம்ப யோசிக்காதீங்க. உங்க முட்டைக் கணக்கு யோசிக்கிற அளவுக்கு இல்ல" என்றார்.

யோசிக்காதே என்று அடுத்த பக்கத்துக்காரியிடம் சொல்வது மீனிடம் நனையாதே என்று சொல்வதுபோல.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கறுப்பு ரொட்டியும் காபியும் வைத்துக்கொண்டு வங்கியின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். உயரம் கேட்டது, சொன்னாள். கண் நிறம் கேட்டது. முடி, எடை, படிப்பு, தொழில், ரத்த வகை எல்லாம் கேட்டது. ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்ததும் இருநூற்றுப் பதினேழு ஆண்கள் குழந்தை முகத்தோடு வரிசையில் வந்து நின்றார்கள். ஆம், குழந்தை முகம்தான். கொடையாளர்கள் எல்லோரும் அங்கே இரண்டு வயதிலோ நான்கு வயதிலோதான் இருப்பார்கள், ஒருவன் பனிக்குல்லாவோடு, ஒருவன் வாயெல்லாம் ஐஸ்கிரீமோடு, ஒருவன் மண்வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு. இந்த வாளித் தலையனைப் பார்த்துத்தான் பட்டம் பெற்ற பொறியாளரின் குணநலத்தை ஊகிக்க வேண்டும். கூடவே அவனுடைய கையெழுத்து இருக்கும், குரல் இருக்கும், பாட்டன் பூட்டன் எந்த நோயில் செத்தார்கள் என்ற பட்டியல் இருக்கும், வங்கி ஊழியர்கள் எழுதிய குறிப்பும் இருக்கும்.

மாரென் பதினான்கு வருடம் வீட்டுத் தரகர்களின் விளம்பரம் படித்தவள். "இதமான வீடு" என்றால் கூரை இடிக்கும், "இயற்கையோடு இணைந்த வீடு" என்றால் குளியலறையில் காளான் முளைத்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே "இவர் வந்தாலே அறை வெளிச்சமாகிவிடும்" என்ற குறிப்பைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்படியானால் ஓயாமல் பேசுவான். "அமைதியும் ஆழமும் கொண்டவர்." பேசவே மாட்டான். "பலதுறை ஆர்வம்." எதையும் முடிக்கமாட்டான். வாளித் தலையனுக்குக் காது கொஞ்சம் துருத்தியிருந்தது. பனிக்குல்லாக்காரனின் பெரியம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி. ஐஸ்கிரீம்காரன் எல்லாம் பொருந்தினான், எல்லாமே. ஆனால் ‘பிடித்த உணவு’ என்ற இடத்தில் "எதுவானாலும்" என்று எழுதியிருந்தான். எதுவானாலும் என்கிறவனை நம்பி எப்படிப் பிள்ளை பெறுவது?

மார்ச் போயிற்று. ஏப்ரல் போயிற்று. மாதம் ஒருமுறை உடம்பு தன் வேலையைச் செய்துவிட்டுக் காத்திருந்தது. மாரென் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூன் மாதம் அக்கா உல்ரிக்கெ வந்தாள். நீச்சல்குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். நாளெல்லாம் எதிரொலிக்குள் கத்திப் பழகிய தொண்டை. தாடை அகலம், நெற்றியில் எப்போதும் ஒரு சுளிப்பு. வந்ததும் செருப்பைக் கழற்றாமலே கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"யாருடி இது? அழகா இருக்கானே. இவனுக்கு என்ன குறைச்சல்?"

"நாலாவது கேள்விக்குப் பதில்ல எழுத்துப்பிழை இருக்கு."

"உனக்குப் பிள்ளை வேணுமா, வாத்தியார் வேணுமா?"

"நீ சும்மா இரு. இதெல்லாம் ரத்தத்துல வரும்."

உல்ரிக்கெ கணினியை மூடினாள். "சரி, நம்ம அப்பாவைப் போடு இதுல. ஒன்னே அறுபத்தெட்டு மீட்டர்தான் உயரம். இருபத்தேழு வயசுல வழுக்கை. பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாது. வீட்டுச் சுவருக்குக் காகிதம் ஒட்டச் சொன்னா பூவெல்லாம் தலைகீழா ஒட்டினாரு. இந்த வங்கி அவரை வாசலோட திருப்பி அனுப்பியிருக்கும்டி."

"அப்பாவை அம்மா ஒன்னும் தேர்ந்தெடுக்கல."

"பின்ன?"

"அம்மா சில்கெபோர் போற பஸ்ஸை விட்டுட்டாங்க. அடுத்த பஸ் ஒரு மணி நேரம். அவரும் விட்டுட்டு அங்க நின்னாரு. அவ்வளவுதான்."

உல்ரிக்கெ நீச்சல்குளத்துக் குரலில் வீடே அதிரும்படி சிரித்தாள். மாரென் சிரிக்கவில்லை.

"உன் பையனுக்கு ஆஸ்துமா" என்றாள் மெதுவாக. "யாராவது உன்னைக் கேட்டிருக்காங்களா, ஏன் இந்த ஆளைக் கட்டிக்கிட்டேன்னு? பாவம், என்ன செய்யறதுன்னுதானே சொன்னாங்க. எனக்கு அப்படிச் சொல்ல மாட்டாங்க, உல்ரிக்கெ. இருநூத்திப் பதினேழு பேர் இருந்தாங்களே, ஏன் இவனை எடுத்தேன்னு கேப்பாங்க. மத்தவங்க கேட்டாக்கூடப் பரவாயில்ல. அந்தக் குழந்தையே கேக்கும்."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் காபி போட்டாள்.

ஆகஸ்டில் மாரென் விழுந்தாள். எதில் என்று கேட்காதீர்கள், ஒரு சிரிப்பில். வங்கி ‘வாக்ன்’ என்று புனைபெயர் கொடுத்திருந்த ஒருவன். குரல் பதிவில் "உங்களுக்குப் பிடித்த மிருகம் எது?" என்று கேட்கிறார்கள். அவன் "நீர்நாய்" என்று சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று தனக்கே புரியாததுபோல் சிரிக்கிறான். மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியை மாரென் சைக்கிளில் போகும்போது கேட்டாள், ஈரக் கருவியோடு நிலவறையில் குனிந்திருக்கும்போது கேட்டாள். குழந்தைக்குத் தகப்பன் தேடப் போனவள் தனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டாள் என்பது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்தது. இந்த இனத்தில் இது சகஜம். வரப்போகும் பிள்ளையின் பெயரால் தன் ஆசையை எழுதிவிடுவார்கள்.

வாக்ன் இரண்டு குப்பிகளில் வந்தான். செப்டம்பரில் பலிக்கவில்லை. அக்டோபரிலும் பலிக்கவில்லை. மூன்றாவதுக்குக் கேட்டபோது இணையப் பக்கத்தில் அவன் முகத்தின்மேல் சாம்பல் நிறம் படிந்து, ‘இருப்பு இல்லை’ என்று எழுதியிருந்தது.

மாரென் ஒரு வாரம் கறுப்புச் சட்டை போட்டாள். உல்ரிக்கெ ஒரு சட்டி நிறைய மீன் கறி செய்து கொண்டுவந்து வைத்தாள்.

"யாரோ செத்த மாதிரி உக்காந்திருக்கே. அந்த ஆள் எங்கயோ பன்றிக்கறி தின்னுக்கிட்டு ஜம்முனு இருப்பான்டி."

"எங்கே?" என்றாள் மாரென். கேட்ட வேகத்துக்குத் தானே வெட்கப்பட்டாள்.

பிறகு பழையபடி அட்டவணை. குளிர்காலம் முழுதும் பக்கம் புரட்டி, பிப்ரவரியில் இன்னொருவனைப் பிடித்து, அவன் குப்பியை முன்பதிவு செய்து, முட்டை வெளிவரும் நாளைக் குறித்துக்கொண்டு, அன்று காலை ஒன்பதரைக்கு மருத்துவமனையில் போய் உட்கார்ந்தாள். செவிலி லோனெ வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே வீட்டில் விரிசல் இருக்கிறது என்று மாரெனுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க கொடையாளரோட குப்பிகளை வங்கி நேத்து நிறுத்தி வச்சிருச்சு. ஏதோ ஒரு பரிசோதனையைத் திரும்பச் செய்யறாங்களாம். இன்னிக்குக் கிடைக்காது."

"அப்ப?"

"ரெண்டு வழி. வீட்டுக்குப் போயிட்டு அடுத்த மாசம் வரலாம். இல்லேன்னா எங்க கொள்கலன்லயே ரெண்டு பேரோடது இருக்கு. படம், குரல், குறிப்பு எதுவும் கிடையாது. ஒருத்தர் உயரம் ஒன்னே எண்பத்தொன்னு, நீலக் கண்ணு. இன்னொருத்தர் ஒன்னே எழுபத்தாறு, பழுப்புக் கண்ணு. ரெண்டு பேருக்கும் பரிசோதனை எல்லாம் சரியா இருக்கு. பத்து நிமிஷத்துல சொல்லணும், உறைஞ்ச குப்பியை உருக வைக்கணும்."

மாரென் உல்ரிக்கெக்குப் போன் செய்தாள். உல்ரிக்கெ எடுக்கவில்லை, குளத்தில் இருந்தாள். பார்க்கப் படம் இல்லை. கேட்கச் சிரிப்பு இல்லை. எழுத்துப்பிழை செய்வதற்குக்கூட அந்த இருவரும் ஒரு வரி எழுதவில்லை. குறை சொல்ல எதுவும் இல்லாத இடத்தில் எப்படி நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீங்களா இருந்தா யாரை எடுப்பீங்க?"

"என்னையா கேக்கறீங்க?" லோனெ கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "எனக்கு மூணு பிள்ளைங்க. மூணுக்கும் அப்பா ஒரே ஆளுதான். மூணும் மூணு தினுசு. இதுக்கு மேல எனக்கு ஒன்னும் தெரியாது."

அடுத்த மாதம் வரலாம். அடுத்த மாதம் வங்கி அனுப்பிவிடும். அடுத்த மாதம் வாக்ன்கூடத் திரும்பி வரலாம். மாரென் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்க வேண்டியதுதான். ஆனால் எழுந்திருக்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி, இந்த ஒரு வருடத்தில் தான் குழந்தையை ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் திடீரென்று தெரிந்தது. அது கேட்கப்போகும் கேள்வியைத்தான் நினைத்திருந்தாள்.

"ரெண்டாவது ஆளு" என்றாள்.

"ஏதாவது காரணம் எழுதணுமா?" என்றாள் லோனெ.

"வேண்டாம்."

நவம்பரில் ஈபென் பிறந்தாள். தாடை அகலம், நெற்றியில் ஒரு சுளிப்பு, பிரசவ அறையின் சுவர் அதிர ஒரு குரல். செவிலிகள் திரும்பிப் பார்த்தார்கள். மாரென் குழந்தையை உற்றுப் பார்த்தாள். பிறகு வாசலில் பூங்கொத்தோடு நின்ற அக்காவைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் குழந்தையை.

"ஏன்டி அழறே?" என்றாள் உல்ரிக்கெ.

"ஒரு வருஷம் தேடினேன்" என்று விம்மினாள் மாரென். "கடைசியில நீ வந்திருக்கே."

இத்தோடு அவள் திருந்திவிட்டாள் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. விளையாட்டு மைதானத்தில் மற்ற தாய்மார்கள், "எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்கும்போது, "பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு" என்றாள். முதல் வருடம் அவள் சொல்லில் அந்தக் கொடையாளர் அமைதியானவர் ஆனார். இரண்டாம் வருடம் மரவேலை கற்றார். ஈபெனுக்கு மூன்று முடிந்தபோது அவருக்கு செல்லோ வாசிக்கவும் வந்துவிட்டது.

குழந்தையிடம் மட்டும் அவளால் புளுக முடியவில்லை. நான்கு வயதில் ஒரு நாள் ஈபென் கேட்டே விட்டாள். பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, வாயில் நுரையோடு.

"என்னோட டோனர் அப்பா எப்படி இருப்பாரு?"

மாரென் குளியல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஐந்து வருடமாகப் பயந்த கேள்வி. "தெரியாது கண்ணு. பழுப்புக் கண்ணு. ஒன்னே எழுபத்தாறு உயரம். அவ்வளவுதான் தெரியும்."

ஈபென் கதவு நிலையை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப தலை இடிக்காது" என்றாள். துப்பினாள். போய்ப் படுத்துக்கொண்டாள்.

சென்ற வாரம் மாரெனின் தோழி சோல்வெய் வந்திருந்தாள். வயது முப்பத்தெட்டு, கணினியில் முந்நூறு முகங்கள். "ஒன்னும் புரியல மாரென், நீதான் சொல்லணும்" என்றாள். மாரென் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இதுல என்னடி இருக்கு? கண்ணை மூடிக்கிட்டு ஒருத்தரை எடு. முகத்தைப் பார்த்து எதுவும் தெரியாது" என்று தொடங்கி, சோல்வெய் முதல் முகத்தில் விரலை வைத்ததும் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு இரு. அடுத்த பக்கத்தையும் பார்த்துடலாம்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். பாவம், அந்த ஊர்க்காரிகளுக்கு வேறு வேலை இல்லை என்று நினைக்கிறீர்கள். நல்லது. ஆனால் மருத்துவமனையில் லோனெ அந்த இருவரையும் சொன்னாளே, அப்போது மாரென் வாய் திறப்பதற்கு முன்பே உங்கள் மனம் சத்தம் போடாமல் ஒருவரை எடுத்துக்கொண்டதே, அது யார்? உயரமானவர்தானே? உங்களைப் பத்து நிமிடம் யாரும் நெருக்கவில்லை, பிள்ளையும் உங்களுக்குப் பிறக்கப்போவதில்லை. அப்படியிருந்தும், அந்த ஐந்து சென்டிமீட்டரில் அப்படி என்னதான் கண்டீர்கள்?