ஏழாவது மாடிக்கு வராத குரங்கு

குரங்கு இருக்கும் ஊரில் பிறந்தவர்களை எங்கே கொண்டுபோய் விட்டாலும் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். கையில் இருப்பதை வெளியே தெரியும்படி பிடித்து நடக்க மாட்டார்கள். நான் ஏற்காட்டுக்காரி. செம்மநத்தத்தில் வீடு, காப்பி எஸ்டேட்டில் வேலை. அரைக் கிலோ வெல்லம் வாங்கினாலும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, எதையோ திருடிக்கொண்டு போகிறவளைப் போலத்தான் வீடு வந்து சேருவேன். இந்தக் கதை நடக்கும்வரைக்கும் எந்தக் குரங்கும் என் கையிலிருந்து ஒரு கடலைப் பருப்பைக்கூடப் பறித்ததில்லை. எங்கள் எஸ்டேட்டில் இந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ள என்னை விட்டால் வேறு ஆளில்லை. (இருந்தால் வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.)

இந்தப் பெருமைதான் கோயம்புத்தூரில் என் மானத்தை வாங்கியது.

எனக்கு என் பெயரும் பஸ் போர்டும் படிக்கத் தெரியும். அதற்கு மேல் வேண்டியதை நான் சொல்லச் சொல்ல யாழினி எழுதுகிறாள். யாழினி என் தம்பி மகள் கவிதாவின் மூத்த பெண். இந்தக் கதையில் அவளுக்கும் பங்கு உண்டு என்பதால் எழுதும்போதே சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

கவிதாவும் அவள் வீட்டுக்காரர் பிரபுவும் வேலைக்குப் போகிறவர்கள். ஏழாவது மாடியில் வீடு. அப்போது யாழினி மூன்றாம் வகுப்பு, சின்னவள் நிலா யு.கே.ஜி. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் திடீரென்று நின்றுவிட்டாள். "அத்தை, ஒரு மாசம் வந்து இருங்கத்தை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கவிதா போனில் அழாத குறையாகக் கூப்பிட்டாள். போனேன். எனக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. ஆகவே என்னை யாரும் பாட்டி என்று கூப்பிடக் கூடாது, அம்மா கூப்பிடுகிற மாதிரி 'அத்தை' என்றே கூப்பிட வேண்டும் என்று போன அன்றே பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டேன். யாழினி ஒப்புக்கொண்டாள். நிலா என்னை எப்படியுமே கூப்பிடவில்லை. சீப்பை எடுத்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். சோற்றைப் பிசைந்து நீட்டினால் உதட்டை மடித்து உள்ளே வைத்துக்கொள்வாள். காட்டெருமைக்கு வழிவிடாத நான் அந்த முழங்கால் உயரத்துப் பெண்ணிடம் தினமும் தோற்றேன்.

மற்றபடி அந்த வீட்டில் எனக்குப் பொழுது போகவில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பார்க்க அவ்வளவு இருந்தது. லிஃப்டில் நம்மை யார் இழுக்கிறார்கள் என்று தெரியாமல் இரண்டு முறை சும்மாவே மேலும் கீழும் போய்வந்தேன். ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது துணி துவைக்கும் மெஷின். முன்பக்கம் வட்டமாகக் கண்ணாடிக் கதவு. உள்ளே துணி உருளுவதை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். பிரபுவின் சட்டை கவிதாவின் சுடிதாரைக் கட்டிப்பிடிக்கும். உடனே யாழினியின் பாவாடை வந்து பிரித்துவிடும். டிவி தொடரைவிட நன்றாக இருக்கும். அந்தக் கதவைச் சாத்தினால் 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். என்ன உறுதி! அந்தக் கொண்டியை இழுத்துத் திறக்க எனக்கே முதல் நாள் வலுப் பத்தவில்லை. இதை மனதில் குறித்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். பால்கனி முழுக்க வலை கட்டியிருந்தது.

"இது எதுக்குக் கண்ணு?" என்றேன்.

"புறாவுக்குங்கத்தை" என்றாள் கவிதா.

புறாவுக்காக யாராவது காசு போட்டு வலை கட்டுவார்களா? நான் பயந்துவிடக் கூடாது என்று குரங்கு விஷயத்தை மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். பயப்படுகிற ஆளா நான்? தெரிந்தது மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

நிலாவுக்கு ஐந்தாவது பிறந்தநாள் வந்தது. மாலை ஐந்து மணிக்கு விருந்து. அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். நீல நிறத்தில் யானை உருவம் வைத்த கேக் சொல்லியிருந்தார்கள். அதன் படத்தைக் கவிதாவின் போனில் பார்க்காமல் நிலா தூங்கவே மாட்டாள். யானைக்குத் தும்பிக்கை தனக்கு, வால் அக்காவுக்கு, காது அப்பாவுக்கு என்று பங்கு பிரித்தாகிவிட்டது. எனக்கு ஒன்றும் இல்லை.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கவிதா சொன்னாள்: "அத்தை, இன்னிக்கு நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாங்க. மத்தியானம் ஒரு தம்பி கேக் கொண்டுவருவாப்ல. வாங்கி ஃபிரிட்ஜுல வெச்சிருங்க. அது போதும்."

"இதென்ன பெரிய வேலை? நீ போய்ட்டு வா சாமி" என்றேன்.

கேக் வந்தது. வெள்ளைப் பெட்டி. கொண்டுவந்த பையன் லிஃப்டில் ஏறிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே வந்து மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். நீல யானை என்னைப் பார்த்துச் சிரித்தது. நிஜ யானை இப்படிச் சிரிக்காது, இருந்தாலும் அழகு. விரலால் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பால்கனிப் பக்கம் 'தொப்'பென்று சத்தம் கேட்டது.

எனக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. குரங்கு வாசனை பிடித்து வந்துவிட்டது என்று நினைத்தேன். ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னாள். ஃபிரிட்ஜெல்லாம் குரங்குக்கு ஒரு பொருட்டா? எங்கள் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து, முட்டையை ஒவ்வொன்றாக எடுத்துக் குடித்துவிட்டு, கதவைச் சாத்தாமல் போன குரங்கை நான் நேரில் பார்த்தவள். பீரோவில் சாவி இல்லை. அரிசி டிரம்முக்குள் பெட்டி நுழையவில்லை. அப்போதுதான் 'டக்' என்ற அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது.

மெஷினுக்குள் காலையில் கவிதா போட்ட துணி அப்படியே கிடந்தது. மெத்தை விரித்த மாதிரி இருந்தது. மேலே பெட்டியை நேராக வைத்தேன். கண்ணாடி வழியாக வெள்ளைப் பெட்டி தெரிந்தால் குரங்கு விடாதே! அதனால் ஒரு துண்டை எடுத்துப் பெட்டியைப் போர்த்திவிட்டேன். கதவைச் சாத்தினேன். டக். இனி எந்தக் குரங்கு வந்தாலும் கண்ணாடியில் முகத்தைத் தேய்த்துவிட்டுத்தான் போக வேண்டும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு ஒரு டம்ளர் காப்பி போட்டுக் குடித்தேன்.

பிள்ளைகளின் வேன் வருகிற நேரத்துக்குக் கீழே இறங்கினேன். இருவரும் இறங்கினார்கள். யாழினிக்கு அவசரம், சாவியை வாங்கிக்கொண்டு மேலே ஓடினாள். நிலா அசையவில்லை. ஒரு லாரி வந்து நின்று, ஆள் தொடை தடிமனுக்கு ஒரு குழாயை நிலத்துக்கு அடியில் இருக்கிற தொட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தான். தண்ணீரை லாரியில் கொண்டுவந்து விற்கிறார்கள்! நிலாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் இருவருக்கும் குணம் ஒன்று என்று அப்போதுதான் தெரிந்தது. லாரி கடைசிச் சொட்டு விடும்வரை நின்றோம்.

மேலே போனால் வீட்டுக்குள் 'கடகட'வென்று சத்தம்.

"என்ன சத்தம் கண்ணு அது?"

"அம்மா போன் பண்ணாங்கத்தை" என்றாள் யாழினி பெருமையாக. "காலைல கரண்ட் இல்லாததால துணிய அப்படியே உட்டுட்டுப் போய்ட்டாங்களாம். சோப்பு போட்டுப் பட்டன அமுக்கச் சொன்னாங்க. நானே அமுக்கிட்டேன்!"

நான் ஓடிய ஓட்டத்தை எங்கள் ஊர்க் காட்டெருமை பார்த்திருந்தால் அதுதான் வழிவிட்டிருக்கும். கண்ணாடிக்குள் துண்டு விலகிவிட்டிருந்தது. நுரை நீலமாக இருந்தது. யானையின் ஒரு காது மட்டும் ஒரு சுற்று வந்து எனக்குக் காட்சி கொடுத்துவிட்டுப் போனது. கொண்டியை இழுத்தேன். உயிரே போனாலும் திறக்காது அந்தக் கதவு. எதற்காக அதை நம்பினேனோ அது வார்த்தை தவறவில்லை.

கவிதா வந்தாள். பார்த்தாள்.

"ஏனுங்கத்தை... கேக்க எதுக்குங்க மெஷினுக்குள்ள வெச்சீங்க?"

"குரங்கு எடுத்துப்போட்டா என்ன பண்றது சாமி?"

"ஏழாவது மாடிக்கு எந்தக் குரங்குங்க வரும்?"

"பால்கனில 'தொப்'புனு சத்தம் கேட்டுச்சே!"

"அது புறாங்கத்தை! புறா!"

பின்னாலேயே பிரபு வந்தார். பட்டனை அமுக்கி மெஷினை நிறுத்தினார். நின்றது; ஆனால் உள்ளே தண்ணீர் இருக்கும்வரை கதவு திறக்காதாம். நுரையோடு யானை சாய்ந்து நின்றதைப் பார்க்கச் சகிக்காமல் அவரே திரும்பவும் ஓட விட்டார். அதற்குள் அழைப்பு மணி அடித்தது. பிள்ளைகள் பரிசுப் பொட்டலங்களோடு வந்து நின்றார்கள். "கேக் எங்க ஆன்ட்டி?" என்று ஒரு பையன் கேட்டான். நிலாவின் கீழுதடு துடித்தது. இனி ஜென்மத்துக்கும் இவள் என்னிடம் தலை காட்ட மாட்டாள், நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் சேலம் போய் மலை ஏறிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நிலா மெஷின் அருகே போனாள். என் ஸ்டூலில் ஏறி நின்று கண்ணாடியில் மூக்கை ஒட்டினாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அத்தை," என்றாள். முதல் தடவையாக. "யானை குளிக்குதா?"

"ஆமா கண்ணு" என்றேன்.

"சோப்பு போட்டா?"

"நல்லாச் சோப்பு போட்டு, சாமி."

அவ்வளவுதான். வந்திருந்த அத்தனை பிள்ளைகளும் மெஷின் முன்னால் வரிசை கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். "தும்பிக்கை போகுது!" "அது அப்பாவோட சாக்ஸு!" என்று ஒரே கூச்சல். பிரபு மெழுகுவத்தியை மெஷினுக்கு மேலேயே ஒட்டி வைத்தார். பாட்டுப் பாடி முடிக்கிற நேரம் மெஷின் பிழிய ஆரம்பித்து, சாமி வந்த மாதிரி ஆடியது. மெழுகுவத்தி ஊதாமலே அணைந்து விழுந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நிலா என் மடியில் உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் அசையவே இல்லை.

விருந்துக்கு பிரபு ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். அட்டைப் பெட்டிக் கூழ் உள்ளே போய் அடைத்துக்கொண்டதால் மெஷினுக்கு வைத்தியம் பார்க்க ஆள் வந்தான். யாழினி, வெள்ளையாக இருந்து வெளிர் நீலமாகிப்போன சட்டையில் பள்ளிக்கூடம் போனாள். பிரபுவின் சட்டையில் வெனிலா வாசனை போகவே இல்லை. ஆபீஸில் அவர் மேஜைக்கு மட்டும் எறும்பு வந்ததாம். (இதை அவர் எத்தனை முறை சொன்னாலும் அத்தனை முறையும் எறும்பு கூடிக்கொண்டே போகிறது.)

அடுத்த வருடம் நிலாவின் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. எல்லோரும் ஏற்காட்டுக்கே வந்தார்கள். ஏரிக்கரையில் காரை நிறுத்தினார்கள். அங்கே போய் நானும் சேர்ந்துகொண்டேன். சேலத்தில் வாங்கிய கேக் பெட்டியை கவிதா என்னிடம் கொடுத்து, "முந்தானைல ஒளிச்சுக்குங்கத்தை, இல்லேன்னா மெஷின் தேடுவீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வருடம் முழுக்கக் கேட்ட சிரிப்பு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானும் பட்டணம் பார்த்தவள்தான் என்று, பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராக ஏந்திக்கொண்டு, நடு ரோட்டில், நிமிர்ந்து நடந்தேன்.

ஆறு எட்டுகூட வைத்திருக்க மாட்டேன். மரத்திலிருந்து 'தொப்'. இந்த முறை புறா இல்லை.

பெட்டி போய்விட்டது. மரக்கிளையில் உட்கார்ந்து அது கேக்கைத் தின்பதை ஊரே நின்று பார்த்தது. டீக்கடையில் நின்ற எங்கள் எஸ்டேட் பெண்கள், "ஏனுங்கக்கா, உங்க கையிலிருந்தா?" என்று கேட்ட குரலில் எவ்வளவு சந்தோஷம்! அத்தனை வருடப் பெருமை மரத்தின் மேல் கிரீமை நக்கிக்கொண்டிருந்தது. நிலா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவால்லைங்கத்தை, அழுவாதீங்க. உங்க ஊட்டுக்கு ஒரு மெஷின் வாங்கிரலாம்" என்றாள்.

இப்போதெல்லாம் நிலா பிறந்தநாளுக்கு இரண்டு கேக் வாங்குகிறார்கள். கடைக்காரர் எதற்கு இரண்டு என்று கேட்டால் அவளே பதில் சொல்லிவிடுகிறாள்: "ஒண்ணு வெட்டறதுக்குங்க, இன்னொண்ணு எங்கத்தை தொலைக்கறதுக்குங்க."