குச்சியம்மாளும் என் இலக்கணமும்

இறக்கும் தறுவாயில் கிடப்பவனையும் எழுந்து அமர்ந்து தலைவாரிக்கொள்ளச் செய்யும் அதட்டல் இவ்வுலகில் ஒருவருக்கே வாய்த்திருந்தது. அவர் தென்காசி மருத்துவமனையில் செவிலியாக இருந்தார். அவருடைய இயற்பெயர் அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கலாம், ஊருக்குத் தெரியாது. சுரம் பார்க்கும் கண்ணாடிக் குச்சியைக் கொண்டையில் செருகிக்கொண்டு நடந்தமையால் அவர் குச்சியம்மாள். குச்சி கொண்டையிலிருந்து புறப்பட்டுவிட்டால் எதிர்ப்பட்ட வாய் அதனை ஏற்றே ஆகவேண்டும். அரிசி மூட்டை இறக்க வந்த ஆள் ஒருவன், அவர் முன்னே கொட்டாவி விட்ட குற்றத்துக்காக, வந்த வேலையை மறந்து, குச்சியைக் கவ்வி வாய்மூடி நெடுநேரம் நின்றான் என்பர்.

நான் அப்போது அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். கொச்சைச் சொல் ஒன்றும் என் நாவில் ஏறலாகாது என்று வாழ்ந்துவந்தேன். கத்தரிக்காயையும் வழுதுணங்காய் என்றே கேட்பேன். என் மனைவி அது கிடைக்கவில்லை என்று சொல்லிப் பலநாள் துவையல் அரைத்துப் போட்டாள்.

சாரல் தொடங்கிய ஆனித் திங்களில் நோயுற்றேன். மருத்துவர் டைபாய்டு என்றும், ஊரார் விஷக்காய்ச்சல் என்றும், நான் குடற்சுரம் என்றும் அழைத்த நோய் அது. அந்நாளில் அதற்கு மருந்தென்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. படுக்கையும், பார்லிக் கஞ்சியும், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தால் பிழைக்கலாம், இல்லையேல் இல்லை.

சேர்ந்த அன்றே நாவறட்சி மிகுந்தது. குச்சியம்மாள் கட்டிலருகே நிற்கக் கண்டு, "அம்மையீர், நீர் வேண்டும்" என்றேன்.

"நாந்தான் எதுத்தாப்புல நிக்கேனே, பெறகு என்னவே?" என்றார்.

நீர் என்றது தம்மையன்று, பருகும் பொருளை என்று விளக்கினேன். "தண்ணின்னு சொன்னா நாக்கு சுட்டுருமாக்கும்" என்று கூறிக் குவளையை நீட்டினார். பெருநிலக்கிழாரும் கூலியாளும் அவருக்கு ஒன்றே. கட்டிலில் படுத்துவிட்டால் எல்லாரும் 'வே' தான்.

நோயறிவதில் அவர் கொண்ட முறை எந்த நூலிலும் இல்லாதது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கிறுக்கு உண்டு என்பதும், அக்கிறுக்கு ஒழுங்காக நடைபெறும்வரை அச்சமில்லை என்பதும் அவருடைய முடிபு. எனக்கு அடுத்த கட்டிலில் சுரண்டை வணிகர் ஒருவர் கிடந்தார். கசப்பு மருந்தை எடுத்தவுடன் "பாதியா ஊத்துங்கம்மா, கட்டுபடியாவாது" என்று பேரத்தைத் தொடங்குவார். ஒருநாள் ஊற்றியதை மறுபேச்சின்றி விழுங்கிவிட்டார். குச்சியம்மாள் நடுங்கிப்போய் மருத்துவரை அழைத்துவரச் செய்தார். பார்த்தால், வணிகரின் மார்பில் சளி கட்டியிருந்தது.

என்னுடைய கிறுக்கு யாது என வினவினேன்.

"உம்மதா? வாயத் தெறந்தாத் தெரியுதே" என்று சொல்லிச் சென்றார். நான் வருந்தவில்லை என்று எழுதினால் அது பொய்.

என் மைத்துனன் வீரகேரளம்புதூரான். குற்றாலத்து அருவி உச்சந்தலையில் விழுந்தால் எந்த நோயும் கால்வழியே இறங்கி ஓடும் என்று நம்புகிறவன். எனக்குக் காய்ச்சல் விடும் நாளுக்காக நாள்தோறும் வந்து காத்திருந்தான். ஒரு பிற்பகலில் என் நெற்றி தண்ணென்று ஆயிற்று. மருத்துவர் ஒரு பேறுகாலம் பார்க்க வடகரை சென்றிருந்தார். குச்சியம்மாள் அடுத்த கூடத்தில் ஒரு குழந்தைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். மைத்துனன் என்னை அருவிக்குக் கொண்டுபோக வண்டியில் வைக்கோல் பரப்பி, வண்டிக்காரனைத் துணைக்கொண்டு என்னைத் தூக்கிக் கிடத்திவிட்டான்.

அப்போது நான் ஏதோ கூறினேனாம். மைத்துனன் முகம் மலர்ந்து, "அத்தான் இப்பத்தான் மனுசன் மாதிரி பேசுதாக" என்று வண்டிக்காரனிடம் சொல்ல, அச்சொல் குச்சியம்மாள் செவியில் விழுந்தது. கட்டுத்துணியும் கையுமாக ஓடிவந்து என் வாயில் குச்சியை வைத்தார். சுரமே இல்லை. குச்சியும் என் மைத்துனன் பக்கமே சாய்ந்துவிட்டது.

"இவரு இப்ப என்னவே சொன்னாரு?"

"குளிருதுன்னாக. அருவித்தண்ணி பட்டா எல்லாஞ் சரியாப் போவும்."

"குளிர்கின்றதுன்னாரா, குளிருதுலேன்னாரா?"

மைத்துனன் சற்றே எண்ணிப் பார்த்தான். "லே போட்டாக" என்றான்.

"வண்டிய அவுரும்வே."

அவன் அவிழ்க்கவில்லை. குச்சியம்மாள் தாமே நுகத்தடியை இறக்கிக் காளைகள் இரண்டையும் முதுகில் ஓங்கி அடித்தார். அவை கடைத்தெருவை நோக்கி ஓடின. அவற்றின் பின்னே வண்டிக்காரனும், அவன் பின்னே என் மைத்துனனும் ஓடினர். மருத்துவமனை ஆட்கள் தூக்கிவர, நான் கட்டிலுக்கு மீண்டேன். குச்சியம்மாள் சமையற்கட்டு அடுப்பைப் பெயர்த்துக் கொணர்ந்த செங்கற்களைக் கட்டிலின் கால்மாட்டில் அடுக்கி உயர்த்தினார். என் வயிற்றின்மேல் ஈரத்துணி இட்டார். ஒரு சொட்டு நீரும் வாயில் விடாமல், மருத்துவர் வரும்வரை என் கையை விட்டு அகலாது நின்றார். சுரம் தணிந்ததன்று, குடலில் குருதி கசியத் தொடங்கியதால் உடல் குளிர்ந்தது என்று மருத்துவர் கண்டார். வண்டி உருண்டிருந்தால் ஆள் வழியிலுள்ள மேலகரம் தாண்டியிருக்க மாட்டார் என்றும் சொன்னார். காய்கறிக் கடை ஒன்றை மேய்ந்துகொண்டிருந்த காளைகளைப் பிடித்துவந்த என் மைத்துனனுக்கு, நான் பிழைத்த மகிழ்ச்சியைவிடக் கடைக்காரன் ஏசிய வருத்தமே பெரிதாக இருந்தது.

அதன்பின் குச்சியம்மாள் நாள்தோறும் காலையில் "எதாவது பேசும்வே" என்று வந்து நிற்பார். எழுவாயும் பயனிலையும் பிறழாத நெடிய வாக்கியம் ஒன்றை மொழிவேன். முற்றுப்பெறும் வரை அசையாது கேட்டு, ஒரு சொல்லும் விளங்காமல், நிறைவோடு தலையசைத்துப் போவார். முப்பதாண்டு மாணாக்கருள் எவரும் என் தமிழை அத்துணை ஊன்றிக் கேட்டதில்லை.

விடைபெறும் நாளில் அவருக்குச் சொல்ல நன்றியுரை ஒன்று யாத்து வைத்திருந்தேன். தாயினும் சாலப் பரிந்தீர் என்பது போன்ற தொடர்கள் அதில் நிரம்பியிருந்தன. மருந்துத் தட்டோடு வந்தவரை நிறுத்தி, "அம்மையீர்" என்று தொடங்கினேன். மேலே ஓடவில்லை. பின்பு வந்த சொற்கள் நான் யாத்தவை அல்ல.

"நீங்க இல்லன்னா நான் செத்துல்லா போயிருப்பேன், தாயி."

குச்சியம்மாள் தட்டைக் கீழே வைத்தார். விரைந்து என் நெற்றியில் கை வைத்து, என் முகத்தை உற்று நோக்கினார்.

"சூடும் இல்ல, குளிரவும் இல்லையே" என்றார் மெல்ல.

கையை எடுக்கச் சற்றே தாமதித்தார். எடுக்கும்படி நானும் சொல்லவில்லை.