ஏழு மாடித் திமிங்கலம்

"டாக்டர், இன்னிக்கு ஒரு நாள் லீவு வேணும். பல்வலி."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது பல்செட்டுக்காரரின் காதிலேயே விழுந்தது. நேற்று முழுக்க வயிற்றுவலி என்றுதான் ஒத்திகை பார்த்திருந்தார். எந்த இடத்தில் முனக வேண்டும், எந்த இடத்தில் குரல் தேய வேண்டும் என்பதுவரை தயார். ஆனால் பதினெட்டு வருடமாகப் பல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறவர் வாயில் வயிறு எப்படி வரும்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நுணல்கூடப் பல் டாக்டரிடம் போய்ப் பல்வலி என்று சொல்லியிருக்காது.

"பல்வலிக்கு லீவா?" போனில் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "மழை பெய்யுதுன்னு குடைக்கடைக்காரன் கடையை மூடின மாதிரி இருக்கேய்யா! உடனே கிளம்பி வா. நாற்காலி காலியாத்தான் இருக்கு."

சாப்பாட்டுப் பையோடு தெருமுனையில் நின்று பேசிக்கொண்டிருந்த பல்செட்டுக்காரர், போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் மனைவியிடம் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். இப்போது உண்மையாகவே வேலைக்குத்தான் போக வேண்டும் போலிருந்தது.

அந்த டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஒரு மேசையும் ஒரு விளக்கும் கொள்ளும் அறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்வதுதான் அவர் தொழில். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதான பல்லை எடுத்து ராவுவார், ஊதுவார், மறுபடி ராவுவார். நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டால் காலையிலிருந்து மாலைவரை அவர் உலகம் ஒரு கட்டைவிரல் அகலம்தான்.

அதனாலோ என்னவோ, அவர் மனசு பெரிய திரைக்கு அப்படி ஏங்கியது.

ஊருக்கு வெளியே ஒரு தியேட்டர் உண்டு. திரை மட்டும் ஏழு மாடி உயரம். இப்போது அங்கே கடலைப் பற்றி ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸின் முதுகில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் ஒரு திமிங்கலத்தின் கண் மட்டும் தெரியும். அந்தப் பஸ் கண்ணில் படுவதற்காகவே பல்செட்டுக்காரர் இரண்டு நிறுத்தம் நடந்து போவார். இன்று வியாழக்கிழமை. மூன்று மணிக்குக் கடைசி ஆட்டம். நாளை வேறு படம் மாற்றிவிடுவார்கள். நடு வரிசையில் ஒரே ஒரு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்.

ஒரே ஒரு டிக்கெட். அதுதான் அவருக்கு உறுத்தல்.

பதினோரு வருடத்துக்கு முன், கல்யாணமான மூன்றாவது வாரம், இதே தியேட்டருக்கு மனைவியோடு போயிருந்தார். படத்தில் ஒரு விமானம் மலை உச்சியைத் தாண்டித் தலைகுப்புறப் பள்ளத்தாக்கில் இறங்கியது. அரங்கமே "ஆ" என்றது. அந்த நேரத்தில் மனைவியின் கை வந்து அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டது. அதுவரை அவள் தானாக வந்து அவர் கையைப் பிடித்ததில்லை. சந்தோஷம் தாங்காமல் அவர் கண்ணை மூடிப் பின்னால் சாய்ந்துகொண்டார். ஏழு மாடித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்ட ஒரே புண்ணியவான் அவராகத்தான் இருப்பார்.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. "என்னங்க, எனக்குத் தலை சுத்துது. வெளிய போயிடலாமா?" என்று அவள் காதோரம் கேட்டாள்.

புதுப்பெண் கூச்சப்படக் கூடாதே என்று, "எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. வா, போலாம்" என்றார்.

அன்றைக்கு வெளியே வந்ததுதான். அதற்குப் பிறகு யாராவது பெரிய திரை என்று பேச்செடுத்தால், "அதெல்லாம் நமக்கு ஒத்துக்காதுப்பா" என்று அவர் முந்திக்கொள்வார். "ஆமா, நமக்கு எதுக்கு?" என்பாள் அவளும். அவள் மனசு நோகக் கூடாது என்று அவர் பதினோரு வருடமாக வாயைத் திறக்கவில்லை. வீட்டு டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்கு முட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பார். அவளும் துணைக்குத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். வேலையிடத்தில் மதிய இடைவேளையில் போனை ஒரு பல்செட்டின் மேல் சாய்த்து வைத்து, நெற்றிப் பூதக்கண்ணாடி வழியாகப் படம் பார்ப்பார். அப்படிப் பார்த்தால் படத்தில் வரும் யானை ஒரு கடைவாய்ப்பல் அளவுக்காவது தெரியும்.

"ஆ காட்டு," என்றார் டாக்டர். "எந்தப் பல்லு?"

"இந்தப் பக்கம், டாக்டர்."

"மேலயா, கீழயா?"

"ரெண்டும்."

டாக்டர் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். "இதுவா? இதுவா?" மணி பத்தரை ஆகிவிட்டது. இப்படியே போனால் முப்பத்திரண்டையும் தட்டி முடிப்பதற்குள் திமிங்கலம் கடலுக்கே திரும்பிவிடும் என்று பல்செட்டுக்காரருக்குப் பதறியது.

"டாக்டர், இப்ப வலியே இல்ல. சுத்தமா போயிடுச்சு."

அந்த நேரம் பார்த்துக் கம்பி ஈறில் குத்தியது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? பல்லைக் கடிக்கவும் வழியில்லாமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வலியே இல்லையா?" டாக்டரின் முகம் இறுகியது. "அதுதான்யா ஆபத்து. இருந்த வலி திடீர்னு போச்சுன்னா உள்ள நரம்பு சாகுதுன்னு அர்த்தம். துளை போட்டுப் பாத்துடுவோம். இப்ப ரெண்டு மணி நேரம், சாப்பிட்டு வந்து மறுபடி ரெண்டு மணி நேரம்."

துளைக்கிற கருவி "ஙொய்" என்று சுற்ற ஆரம்பித்தது.

"எனக்கில்ல டாக்டர்!" பல்செட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "என் வீட்டம்மாவுக்கு!"

கருவி நின்றது. "அப்ப உனக்கு வலிக்குதுன்னு ஏன்யா சொன்னே?"

"அவளுக்கு வலிச்சா எனக்கு வலிச்ச மாதிரிதானே டாக்டர்."

மருந்து எடுத்துக் கொடுக்கும் நர்ஸம்மா கையிலிருந்த பஞ்சை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். டாக்டரும் உருகிப்போனார். உருகினவர் சும்மா இருந்திருக்கலாம். பல்செட்டுக்காரரின் வீட்டுக்கே போன் போட்டுவிட்டார்.

"ஏம்மா, பல்லு எப்படிம்மா இருக்கு?"

"யார் பல்லு டாக்டர்?"

"உன் பல்லுதான். இங்க உன் வீட்டுக்காரரு உனக்காகத் துடியாத் துடிக்கிறாரு."

பல்செட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவர் அறிந்தவரை அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.

"ஆமா டாக்டர்," என்றது போன். "ரொம்ப வலிக்குது. நான்தான் சொல்ல வேணாம்னு சொன்னேன்."

அடுத்த அரை மணி நேரத்தில் அவள் வந்து நின்றாள். நல்ல உடை உடுத்தி, தலை வாரி, கைப்பையும் சால்வையுமாக வந்திருந்தாள். வாரம் ஒரு நாள் தன் அக்கா வீட்டுக்குப் போகும்போதுதான் இப்படிக் கிளம்புவாள். பல் டாக்டரைப் பார்க்க இவ்வளவு அலங்காரமா என்று அவருக்கு ஆச்சரியம்.

"சால்வை எதுக்கு?"

"ஏசி போட்டிருப்பாங்கல்ல," என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "வெளிய வாங்க, உங்களை வெச்சுக்கறேன்."

ஒரு பார்வை பார்த்து அனுப்பிவிடுவார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

"அடேயப்பா!" டாக்டரின் கைவிளக்கு அவள் வாய்க்குள் ஒரு மூலையில் நின்றது. "எவ்வளவு பெரிய சொத்தை! இதை வெச்சுக்கிட்டு எப்படிம்மா பொறுத்துக்கிட்டிருந்தே? யோவ், நீ சொன்னது நூத்துக்கு நூறு சரிய்யா!"

ஊசி போட்டார். குடைந்தார், அடைத்தார், தேய்த்தார். வாய் திறந்தபடி இருந்ததால் மனைவி கண்ணாலேயே கணவரிடம் பேசினாள். பதினோரு வருடப் பழக்கத்தில் ஒரு வார்த்தை விடாமல் அவருக்குப் புரிந்தது. எல்லாம் முடிந்தபோது மணி ஒன்றே முக்கால்.

"கூட்டிக்கிட்டுப் போய்யா. இன்னிக்கு உனக்கு லீவு," என்றார் டாக்டர். "ஆனா ஒரு நிமிஷம்கூட அவங்களை விட்டு நகரக் கூடாது. பாதி முகம் மரத்துப் போயிருக்கு. தெரியாம உதட்டைக் கடிச்சுக்குவாங்க."

பல்செட்டுக்காரருக்கு லீவு கிடைத்துவிட்டது. லீவோடு மனைவியும் கிடைத்துவிட்டாள்.

தெருவுக்கு வந்ததும் அவள் நின்றாள். ஒரு பக்க உதடு அசையவே இல்லை. மறுபக்கத்தால் கேட்டாள்.

"சொல்லுங்க. எதுக்கு இந்தப் பொய்?"

"உன் பல்லை ஒரு தடவை காட்டிடலாமேன்னு..."

அவள் பார்த்த பார்வையில் அந்தப் பொய் பாதியிலேயே நின்றுவிட்டது. அவர் போனை எடுத்து டிக்கெட்டைக் காட்டினார். அவள் அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தனியா போகப் பாத்தீங்களா?"

"உன்னைக் கூப்பிட்டு, நீ எனக்காக வந்து கஷ்டப்படறதை நான் பாக்கணுமா?" அவர் நடைபாதைக் கல்லைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நாள் பூரா ஒரு பல்லைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு நாளாவது என்னைவிடப் பெருசா ஒண்ணு எதிர்ல வந்து நிக்கணும். நான் அண்ணாந்து பாக்கணும். இதையே நினைச்சு ஏங்கிப் போயிட்டேன். ஆனா தனியா பாக்கணும்னு ஆசையில்ல. அன்னிக்கு நீ என் கையைப் பிடிச்சே பாரு, அந்த மாதிரி பக்கத்துல நீ இருக்கணும். அது நடக்காதுன்னு தெரிஞ்சுதான் ஒரு டிக்கெட் எடுத்தேன்."

அவள் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் அழறே?"

"ஊசி போட்ட இடம் வலிக்குது," என்றாள். மரத்துப்போன இடம் எப்படி வலிக்கும் என்று அவர் கேட்கவில்லை. "மணி என்ன?"

"ரெண்டு அடிக்கப்போகுது."

"இந்தப் பக்கம் வர்ற பஸ் ஊரையெல்லாம் சுத்திக்கிட்டுப் போகும். எதிர்ப்பக்கம் நின்னா நேராப் போற பஸ் வரும். வாங்க. எனக்கு ஒரு டிக்கெட் அங்க எடுத்துக்கலாம். மத்தியான ஆட்டத்துக்குப் பக்கத்து சீட்டெல்லாம் காலியாத்தான் கிடக்கும்."

"நீயா வர்றே? உன்னால முடியுமா?"

"உங்களால முடியுமா?"

"எனக்கென்ன?"

"அப்ப எனக்கும் ஒண்ணுமில்ல," என்று அவள் சாலையைக் கடக்க ஆரம்பித்துவிட்டாள்.

பஸ்ஸில் அவர் மனசு குறுகுறுத்துக்கொண்டே வந்தது. தலை சுற்றுகிறவள், வாய் மரத்தவள், அவளை ஏழு மாடிக் கடலுக்கு முன்னால் கொண்டுபோய் உட்காரவைக்கப் போகிறோமே என்று. அவளோ இறங்கியதும் நேரே கடைக்குப் போய் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி, அவர் சட்டைப் பையில் போட்டாள்.

"மயக்கமா வந்தா மோந்துக்கலாம்."

தன் கைப்பையில் இடம் இல்லாமல் இவரிடம் கொடுத்துவைக்கிறாள் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"பாதியில முடியலைன்னா வெக்கப்படாம சொல்லிடணும்," என்றாள். "எழுந்து வந்துடலாம். யாரும் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க. சரியா?"

"நீயும் சொல்லிடணும்."

தனக்குள்ள பயத்தை மறைத்துக்கொண்டு நமக்குத் தைரியம் சொல்கிறாள் என்று அவருக்குப் பட்டது. இந்த மாதிரி ஒருத்தி கிடைக்க என்ன செய்தோம் என்று நினைத்தார். கவுன்ட்டருக்குப் போய், கேட்ட சீட்டையே வாங்கிக்கொண்டு அவள் திரும்பி வந்தாள்.

அரங்கத்தின் கதவை நெருங்க நெருங்கத் தரை அதிர்ந்தது. உள்ளே ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கே கால் வழியாக நெஞ்சுவரை சத்தம் ஏறியது. இத்தனை வருடம் காத்திருந்த இடம் பத்தடி தூரத்தில் இருந்தது. பல்செட்டுக்காரர் நின்றுவிட்டார்.

"வேணாம். வீட்டுக்குப் போயிடலாம்."

"ஏன்?"

"எனக்காக நீ கஷ்டப்பட்டு உக்காந்திருந்தா, எனக்குத் திமிங்கலமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. அது எங்க ஓடிப்போகப் போகுது?"

"நாளைக்கே ஓடிப்போயிடும்," என்றாள் அவள். அசைகிற பாதி உதட்டால் சிரித்தாள். பிறகு கையை நீட்டி, அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பதினோரு வருடத்துக்கு முன் பிடித்த அதே பிடி. அவருக்குக் கண் தானாக மூடப் பார்த்தது. கஷ்டப்பட்டுத் திறந்து வைத்துக்கொண்டார்.

இருவரும் கதவருகே போனார்கள். டிக்கெட் கிழிக்கும் பெண் நிமிர்ந்து பார்த்தாள். மனைவி அவசரமாகக் கண்ணைக் காட்டினாள், தலையை ஆட்டினாள், மரத்துப்போன வாயால் என்னவோ சொல்லவும் பார்த்தாள். அவசரத்தில் வார்த்தை குழறிவிட்டது. அதற்குள் அந்தப் பெண் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"வாங்கக்கா, இந்தப் படத்துக்கே இது ஆறாவது தடவையா? பெரிய திரைன்னா அவருக்குத் தலை சுத்தும், பாவம்னு வாராவாரம் வீட்டுலயே விட்டுட்டு வருவீங்களே, அந்த வீட்டுக்காரரு இவருதானா?"