பாதி மாமா பேரம் பேசாத நாள்

சிதம்பரத்தில் முழு விலை கொடுத்து எதையுமே வாங்காமல் ஐம்பத்தெட்டு வயதை எட்டிய மனிதர் ஒருவர் உண்டு என்றால் அது பாதி மாமாதான். பிறந்தபோதே ஆஸ்பத்திரி பில்லில் பாதியைக் குறைத்த பிறகுதான் முதல் அழுகையை அழுதார் என்று எங்கள் சந்தில் சொல்வார்கள். எந்தப் பொருளுக்கு என்ன விலை சொன்னாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "பாதி". அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டைக் கேட்டால்தான் தெரியும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், எங்கள் வீட்டிலிருந்து நாலு கதவு தள்ளி, ஃபேன், மிக்சி, மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வாசலில் பெரிய போர்டு: 'தயவு செய்து பேரம் பேசாதீர்கள்.' "என்ன மாமா, இது உங்களுக்கே அநியாயமா தெரியல?" என்று ஒருநாள் கேட்டேன். "அது என் கடைக்கு வர்றவுங்களுக்குடா. நான் போற கடையில அப்படி எழுதியிருக்கா?" என்றார்.

மளிகைக் கடைக்காரர் ஒருமுறை பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க மாமா, விலையே அச்சடிச்சிருக்கான்." மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அடிச்சவன் என்னைப் பாத்து அடிச்சானா?" என்றார். சலூனில் போய், "தலையில பாதி எடம் காலி. அதுக்கும் சேத்தா காசு கேக்கற?" என்பார். கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவனுக்கு அரை டிக்கெட்தான் நியாயம் என்று ஆலப்பாக்கம் வரை கண்டக்டரோடு வாதாடியிருக்கிறார். கல்யாணம் நடக்காமல் போனதுகூட தரகரின் கமிஷனை மாமா பாதியாகக் குறைக்கச் சொன்னதால்தான் என்பார்கள். பெண் வீட்டார் சம்மதித்துவிட்டார்களாம், தரகர்தான் மசியவில்லை.

இதில் ஒரு ரகசியம் உண்டு. ஊரே அவருக்கென்று இரட்டை விலை சொல்லப் பழகியிருந்தது. நாற்பது ரூபாய்க் கத்திரிக்காயை எண்பது என்பார்கள். மாமா பாதி கேட்பார், அரை மணி நேரம் சண்டை நடக்கும், கடைசியில் நாற்பதுக்கு வாங்கிக்கொண்டு ஜெயித்த முகத்தோடு போவார். பொங்கலுக்கு வரும் நெல்லிக்குப்பத்துக் கரும்பு வியாபாரிகூட வண்டியை நிறுத்தும்போதே, "மாமா ஊர்ல இருக்காரா?" என்று விசாரித்துக்கொண்டுதான் விலையைச் சொல்வார். இது மாமாவுக்கு மட்டும் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிற மனிதரை எதற்குக் கெடுக்க வேண்டும்?

அவர் கணக்குப் பார்க்காத ஒரே ஜீவன் முறுக்கு. வால் நுனி முறுக்கு மாதிரி சுருண்டிருக்கும் ஒரு பூனை. ஒரு மழை நாளில் கடைக்குள் வந்து, ரிப்பேருக்கு வந்திருந்த கிரைண்டர் மேல் ஏறிப் படுத்தது. அன்றிலிருந்து அந்தக் கடைக்கு அதுதான் முதலாளி. மாமா சாப்பிட்டாரோ இல்லையோ, முறுக்குக்குக் காலையில் பாலும் மத்தியானம் மத்தி மீனும் தவறாது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் மாமா என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில், துண்டில் சுற்றிய முறுக்கு. "ரெண்டு நாளா ஒண்ணும் திங்கல மாப்ள. தண்ணி குடிச்சாக்கூட வாந்தி. காயில் கட்டற நூலு ஒரு மொழம் காணோம்" என்றார். கடலூரில் பூனைக்கு ஸ்கேன் பார்த்து ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன்.

டாக்சி டிரைவர் எங்கள் சந்துக்காரன். பழக்கதோஷத்தில், "கடலூருக்கு நாலாயிரம் ஆவும் மாமா" என்றான். அடுத்து "பாதி" வரும், ரெண்டாயிரத்தில் முடியும் என்று அவனும் நானும் காத்திருந்தோம். மாமா, "எடுப்பா" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். டிரைவர் முகம் வெளுத்துவிட்டது. புதுச்சத்திரம் தாண்டும்வரை கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டு வந்தான். பொறுக்க முடியாமல், முன்சீட்டில் இருந்த என்னிடம், "மச்சான், மாமாவுக்கு எதுனா ஒடம்பு சரியில்லையா?" என்று மெதுவாகக் கேட்டான். கடலூரில் இறங்கியதும் மாமா நீட்டிய நாலாயிரத்தில் ரெண்டாயிரத்தை எடுத்துக்கொண்டு மீதியை அவர் சட்டைப் பையிலேயே திணித்தான். "இனிமே பேசாம ஏறாதீங்க மாமா, எனக்குப் பாவம் சேரும்." மாமாவுக்கு அது காதிலேயே விழவில்லை.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்து, ஸ்கேன் எடுத்துவிட்டுச் சொன்னார்: "குடல்ல நூல் சிக்கியிருக்கு. இன்னைக்கே திறந்து எடுத்தாகணும். நாளைக்குன்னா குடல் கிழிஞ்சிடும், அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஆபரேஷன், மருந்து, நாலு நாள் இங்க வச்சிப் பாக்கறது எல்லாம் சேத்து இருபத்திரண்டாயிரம் ஆவும்."

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அந்த வார்த்தை வரவில்லை. "செய்யுங்கம்மா" என்றார் மாமா.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். அவரிடம் இருந்தது எட்டாயிரம். மீதியை நான் தருகிறேன் என்றேன். "கடன் வேணாம் மாப்ள, வாங்கிப் பழக்கமில்ல. கீரப்பாளையத்துக்கு ஆபீஸ் போவ என் மொபெட்ட ரொம்ப நாளா கேட்டியே, எடுத்துக்க. என்னா தர்ற?"

இந்த இடத்தில்தான் நான் மகாபாவம் செய்தேன். அந்த வண்டி பதினாலாயிரம் தாராளமாகப் போகும். ஆனால் பத்து வருஷமாக மாமாவிடம் பேரம் பேசிப் பழகிய வாய், என்னைக் கேட்காமலேயே, "ஆறாயிரம்" என்றது. 'மனுஷனாடா நீ?' என்று அவர் எகிற வேண்டும், நான் ஏழு என்பேன், அப்படியே போய்ப் பதினாலில் நிற்கும். அதுதானே முறை? மாமா, "சரி, ஆறு" என்றார்.

அவர் போனில் ஏதோ நம்பர் தேடினார். "யாருக்கு மாமா?" என்றேன். "மீதிக்கு காயில் சுத்தற மிஷின குடுத்துடறேன். மேல்பட்டாம்பாக்கத்துல ஒருத்தன் கேட்டுக்கிட்டிருந்தான்." அந்த மிஷின் போய்விட்டால் அப்புறம் கடை ஏது?

"மாமா, தெரியாம சொல்லிட்டேன். பதினாலு தரேன்."

"பாவம் பாத்து குடுக்கறியா? வேணாம். ஆறுன்னு சொன்ன, ஆறுதான்."

எட்டாயிரமாவது வாங்கிக்குங்க, பத்தாயிரமாவது வாங்கிக்குங்க என்று நானே எனக்கு எதிராகக் கெஞ்சினேன். மனிதர் அசையவில்லை. எதிர் பெஞ்சில் பொமரேனியன் நாயோடு உட்கார்ந்திருந்த அம்மாள், வாங்குகிறவன் ஏற்றுவதையும் விற்கிறவர் மறுப்பதையும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் எனக்குப் புத்தி வந்தது. "சரி மாமா. யோசிச்சிப் பாத்தா ஆறே ஜாஸ்தி. அஞ்சா வச்சிக்குங்க. பாலம் ஏறணும்னாலே எறங்கித் தள்ளணும், பொகையில கொசு சாவுது. ஓட்டை வண்டி" என்றேன்.

மாமாவின் விரல் போன் மேலேயே நின்றது. மெதுவாகத் திரும்பினார். "என்னாடா சொன்ன? ஓட்டை வண்டியா? எஞ்சின என் கையால பிரிச்சி மாட்டியிருக்கேன்டா! இருபதாயிரத்துல ஒத்த ரூபா கொறையாது!"

அப்பாடா! வந்துவிட்டார் மனிதர். நான் அஞ்சரை என்றேன். அவர் என் பரம்பரையையே இழுத்தார். நான் எழுந்து போவது மாதிரி போனேன், அவர் கூப்பிடாத மாதிரி கூப்பிட்டார். "சீக்கிரம் முடிங்க சார், நாய் பயப்படுது" என்றார் அந்த அம்மாள். கால் மணி நேரத்தில் பதினாலாயிரத்துக்கு முடிந்தது. "எட்டாயிரம் ஏத்திட்டேன், பாத்தியா?" என்றார் மாமா. "நல்லா ஏமாந்துட்டேன் மாமா" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

பணம் முழுசையும் கட்டினார். முறுக்கை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். "டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாத்திருக்கலாமே மாமா?" என்றேன்.

"பாதின்னு கேட்டு, பாதி தச்சி அனுப்பிச்சிட்டா என்னாடா பண்றது?"

சிரிக்கப் போனவன் நிறுத்திக்கொண்டேன். முறுக்கைச் சுற்றி வந்த துண்டை அவர் மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். "என் நூலுடா அது. எடுத்து மேல வச்சிருக்கணும். வச்சனா?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வந்தார். "பொழைச்சிடுச்சு. நல்லா இருக்கான்." மாமா அவரைக் கும்பிட்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பொமரேனியன் அம்மாளும் அழுதார்.

ஊருக்கு வந்த பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை. "வூட்டுல நிறுத்த எடமில்ல மாமா. இங்கயே இருக்கட்டும். சும்மா நின்னா கெட்டுப்போவும், அப்பப்ப ஓட்டுங்க" என்றேன். மாமா கொஞ்சம் யோசித்து, "எட வாடகை மாசம் எரநூறு" என்றார். நூறுக்குப் பேசி முடித்தேன். ஆக, என் வண்டியை அவர் ஓட்டுவதற்கு மாசாமாசம் நான் அவருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது என்று என் மனைவி கேட்கிறாள்.

மாமாவும் ஒன்றும் தெரியாதவர் இல்லை. தினமும் காலையில் நான் அந்தப் பக்கம் போகும்போது சாவியை நீட்டுவார். "உன் வண்டிதானடா, எடுத்துக்கிட்டுப் போ." வண்டியின் சீட்டில், தையல் போட்ட வயிற்றில் முடி முளைத்து, முறுக்கு வெயிலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு நிமிஷம் நின்று இரண்டு பேரையும் பார்ப்பேன். "தூங்கட்டும் மாமா, நாளைக்கு எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கீரப்பாளையம் பஸ்ஸைப் பிடிக்க நடப்பேன்.