ஹெட்விக் தோண்டிய கிணறு

ஒரு காட்டில், மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பக்கத்தில், நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லியாக வேண்டும். முதலில் சிங்கங்கள் வந்து ஆற்றங்கரையை எடுத்துக்கொண்டன. இரண்டாவதாக ஒட்டகங்கள் வந்து, "ஆற்றங்கரை இல்லாமல் ஏன் வாழ்கிறீர்கள்?" என்று படிவத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போயின. மூன்றாவதாக நீர்யானைகள் வந்து, அந்தப் படிவங்களைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தி, இருந்த ஒரே குட்டையையும் குடித்துவிட்டுப் போயின. நான்காவதாகத்தான் செங்கால் நாரைகள் வந்தன. குளிர் தேசத்துத் தொண்டர்கள். பதினான்கே நாளில் கிணறு தோண்டித் தருவதாக அறிவித்தன.

எல்லா விலங்குகளும் ஆரவாரம் செய்தன. அதாங்கா என்ற கிழட்டு எறும்புதின்னி மட்டும் சுருண்டு படுத்துக்கொண்டது. அந்த ஊர் வழக்கம் அப்படி. கிணறு திறக்கும் நாளில் மூன்று சாட்சிகள் முன்னால் தோண்டியவரின் பெயரை உரக்க வாசிப்பார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் சாகும்வரை ஒவ்வொரு வறட்சிக் காலத்திலும் உள்ளே இறங்கித் தூர்வார வேண்டும். ஏற்கெனவே மூன்று கிணறுகள் அதாங்காவின் பெயரில் இருந்தன. வலது முன்னங்காலில் மிச்சம் இரண்டே நகம்.

"நாலாவதும் என் தலையில விழுந்தா, அதுக்குள்ளயே என்னைப் புதைச்சிடுங்க," என்றது பக்கத்துப் புதரில் குடியிருந்த கினிக்கோழி அபோகாவிடம்.

"புலம்பாதீங்கண்ணே. தோண்டப்போறது அவங்கதானே?"

முதல் மூன்று நாள் நாரைகள் அறிமுக விளையாட்டு விளையாடின. நான்காம் நாள் தலைவி ஹெட்விக், மண்ணைத் தோண்டுவது எப்படி என்று எறும்புதின்னிக்கே வகுப்பெடுத்தது. ஐந்தாம் நாள் அதற்கு இறக்கை சுளுக்கிக்கொண்டது. அதன்பின் தினமும் காலையில் நாரைகள் மண்வெட்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டன. பிறகு நிழலில் வட்டமாக அமர்ந்து, ஏழ்மை தங்களுக்கு என்ன கற்றுத்தந்தது என்று பேசிப் பேசி அழுதன. ஊருக்குத் தண்ணீர் வேண்டுமே! அதாங்கா முனகிக்கொண்டே இறங்கித் தோண்டியது. பதின்மூன்றாம் நாள் ஊற்று பீறிட்டது.

மறுநாள் திறப்பு விழா. ஹெட்விக் நெகிழ்ந்துபோய், "இது உங்கள் கிணறு. எங்கள் கையேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நண்பர் அதாங்காவின் பெயரையே வாசியுங்கள்!" என்றது.

அதாங்கா சட்டென்று மறுபடி சுருண்டுகொண்டது. "ஐயோ தாயி, அந்தப் பாவம் எனக்கெதுக்கு? தோண்டினது நீங்க."

"எல்லோரும் சேர்ந்துதானே..."

"படத்தைக் காட்டுங்கம்மா," என்று குறுக்கே புகுந்தது அபோகா.

இருநூற்றுப் பதினான்கு படங்கள். அத்தனையிலும் மண்வெட்டி ஹெட்விக்கின் இறக்கையில். ஒரே ஒரு படத்தில் பள்ளத்தின் ஓரம் ஒரு வால் நுனி. அதன் கீழே 'உள்ளூர்ப் பாறை' என்று குறிப்பு.

"எங்கண்ணன் இதுல எங்கேம்மா இருக்காரு?"

படங்கள் முந்தின நாளே குளிர் தேசத்துக்குப் போய்விட்டன. அங்கே உறவுக்கூட்டமே வாழ்த்தித் தள்ளிவிட்டது.

"ஒருவகையில்... நான்தான் தோண்டினேன்," என்றது ஹெட்விக் மெல்ல.

"ஒருவகையென்ன, எல்லா வகையிலயும் நீங்கதான்!" என்று அதாங்கா சுருள் அவிழ்ந்து எழுந்தது. "ஆனா பேருக்கு உரியவங்க வருஷா வருஷம் வறட்சியில வந்து கிணத்தைப் பார்த்துக்கணும். முடியுமா தாயி?"

"எங்கள் ஊரில் பனி கொட்டும்போதெல்லாம் நாங்கள் இங்கேதானே இருப்போம்! என்ன ஒரு கௌரவம்!"

"வாளியும் கயிறும் ஊர் செலவு," என்றது அபோகா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கழுதைப்புலி, முள்ளம்பன்றி, ஆமை மூன்றையும் சாட்சிக்கு நிறுத்தி, ஹெட்விக்கிடம் தாய் பெயரோடு முழுப்பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதாங்கா பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, வாழ்நாளில் அதுவரை எழுப்பாத குரலில் வாசித்தது:

"ஹெட்விக், ஊல்ரிக்கேயின் மகள்!"

நீதி: உன் உழைப்பைத் தன் உழைப்பு என்பவனோடு சண்டைக்குப் போகாதே; அவனுடைய முழுப்பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்.