அச்சுதன் ஃபிளெக்ஸில் என் முகம்

கட்கி, புனே

மரியாதைக்குரிய சம்பந்தி லூர்துசாமி அவர்களுக்கு, இருதயராஜ் வணக்கத்துடன் எழுதுவது.

ஆண்டவர் தயவில் இங்கு நான் சுகம். வாகட் வீட்டில் நீங்களும் சம்பந்தியம்மாவும் மருமகன் அருண்ராஜும் என் மகள் ஜெனிபரும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். போனில் பேசவேண்டியதைக் காகிதத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். பதினோரு முறை அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. வாட்ஸாப்பில் அனுப்பிய நான்கு காலை வணக்கங்களுக்கும் நீல டிக் விழுந்ததோடு சரி.

நம் கட்சியின் தமிழர் பிரிவுக்குத் தலைவர் தேர்தல் வரப்போகிறது என்பதைப் பிறந்தநாள்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். யாரும் நிற்பதாக வாய்திறந்து சொல்லவில்லை. ஆனால் இந்த ஜூலையில் ஒரே வாரத்துக்குள் அச்சுதனுக்குப் பிறந்தநாள், கனகவல்லி மேடத்துக்குப் பிறந்தநாள், உங்களுக்கும் பிறந்தநாள். அச்சுதன் ஃபாக்டரியில் எனக்கு அடுத்த பெஞ்சில் இருபது வருஷம் வேலை பார்த்தவர், அப்போதெல்லாம் மார்ச்சில்தான் அவருக்குப் பிறந்தநாள் வரும். உங்களுடையதை ஒருமுறை கிறிஸ்துமஸ் கேக்கோடு சேர்த்து வெட்டியதாக ஞாபகம், தப்பாகவும் இருக்கலாம். எப்படியோ மூவருக்கும் ஃபிளெக்ஸ் எழும்பியது. நடுவில் பிறந்தநாள்காரர், தலைக்கு மேல் 'வருங்காலத் தலைவர்', கீழே வட்டம் வட்டமாக வாழ்த்துகிறவர்களின் முகங்கள். கேம்ப் கடைத்தெரு மூலையில் இருக்கும் அச்சுதன் ஃபிளெக்ஸில், மூன்றாவது வரிசையில், என் முகம் இருப்பதாக நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. அதை நான் கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

நடந்தது இதுதான். உங்கள் மூவருக்கும் ஃபிளெக்ஸ் போடுபவர் ஒரே ஆள், சுனில். ஜெனிபர் கல்யாணத்துக்குக் கோயில் ஹால் வாசலில் வைத்த ஃபிளெக்ஸும் அவர் போட்டதுதான். நானும் என் மனைவி பவுனும் கைகூப்பி நிற்போமே, உங்களுக்கு நினைவிருக்கும். அவள் போய்ச்சேர்ந்து வருகிற நவம்பரோடு இரண்டு வருஷம். விஷயம் தெரிந்ததும் நேரே சுனில் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அங்கிள், அச்சுதன் சார் முப்பது சர்க்கிள் கேட்டாரு. ஃபோட்டோ இருபத்திரெண்டுதான் வந்துச்சு. காலியா விட்டா பப்ளிக் கிண்டல் பண்ணும்ல. உங்க பொண்ணு ஷாதி ஃபைல் இருந்துச்சு, அதுலேர்ந்து எடுத்துப் போட்டேன். கும்பிடற ஃபோட்டோ எந்தப் பார்ட்டிக்கும் ஓடும்." என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றேன். "உங்களுது யாருக்கும் அப்ஜெக்‌ஷன் இல்லாத ஃபேஸ் அங்கிள்" என்றார். முப்பத்தாறு வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அது உங்களிடம் மாட்டிவைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்து, ஐந்து சாயங்காலம் தொடர்ந்து அந்த ஃபிளெக்ஸின் கீழே நான் நின்றேன் என்று உங்கள் ஆள் ஒருவர் படமே எடுத்து அனுப்பியிருக்கிறாராம். கட்கி பஸ்ஸுக்காக நின்றேன். மழைக்காலத்தில் பஸ் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும். அதற்காக நீங்கள் ஜெனிபரிடம் முகம் கொடுக்காமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, மாமா நாலு நாளா என் கையால டீகூட வாங்கிக் குடிக்கல. நான் என்னப்பா பண்ணேன்?" என்று அவள் போனில் கேட்டாள். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். தாய் இல்லாத பெண், உங்கள் வீட்டை நம்பித்தான் இருக்கிறாள். கோபத்தை என்மேல் வையுங்கள், அவள் போடும் டீயைக் குடியுங்கள்.

கல்யாணத்தன்றே என்னைக் கட்சியில் சேர்த்து உறுப்பினர் அட்டை கொடுத்தவர் நீங்கள். என் ஓட்டு உங்களுக்கே. நாளைக் காலை எட்டு மணிக்கு ஏணியோடு ஒருவரை வரச்சொல்லியிருக்கிறேன். என் வட்டத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிவிடுவார். நீங்களே ஆட்டோ பிடித்து வந்து பார்த்துக்கொள்ளலாம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் இருவருக்கும் என் ஆசிகள். உங்கள் மனக்குறை தீரவும், நீங்கள் தலைவராகவும் மாதாவிடம் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் சம்பந்தி,
இருதயராஜ்

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று காலை ஏணிக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார், ஏறினார். தாளில் பசை தடவிக்கொண்டே, பக்கத்து வட்டத்து அம்மாவையும் மறைத்துவிடவா என்று இந்தியில் கேட்டார். நான் அவரை இறங்கி வரச் சொல்லிவிட்டேன். உங்களுக்கு வந்த படத்தில் அந்த வட்டத்தை என் தலை மறைத்திருக்கும், அதில் இருப்பது பவுன். சுனில் எங்கள் இருவரையும்தான் வெட்டிப் போட்டிருக்கிறார். வீட்டில் மாட்டியிருக்கும் படத்தில் அவளுக்கு மாலை போட்டிருக்கிறது. இதில் மாலை இல்லை, கல்யாணத்துக்கு வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கட்கி பஸ் அந்த மூலையில் நிற்பதே கிடையாது, சம்பந்தி. இன்று சாயங்காலமும் போவேன், உங்கள் ஆள் படம் எடுத்துக்கொள்ளட்டும். தேர்தல் முடிந்த அன்றே ஃபிளெக்ஸையெல்லாம் கழற்றிவிடுவார்கள் என்று சுனில் சொன்னார். என் ஓட்டு உங்களுக்குத்தான், அதில் மாற்றமில்லை. அதைப் போடும் நாள் மட்டும் வராமல் இருக்கட்டும் என்று தினமும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.